மாதிரிக்கு இன்றைய தேதி

ராஜ்கமல்: பிரிண்டர்ல வைஃபை லைட்டு எரியுதா மாமா, மினுக்குதா?

கன்னியப்பன்: எரியுது.

ராஜ்கமல்: நல்லாப் பாத்துச் சொல்லு. நான் ஹால்ல மோடத்துகிட்ட நிக்கிறேன். எனக்கு அங்க தெரியல.

கன்னியப்பன்: மினுக்குது... இல்ல, எரியுது. டேய், கொஞ்சம் எரிஞ்சி கொஞ்சம் மினுக்கினா அதுக்கு என்னா பேரு?

ராஜ்கமல்: ரிப்பேரு.

அஞ்சலாட்சி: வுடேன்டா ராஜி. அந்தப் பிரிண்டருக்கே இஷ்டமில்ல. அதுக்கு இருக்கற புத்தி உங்க மாமனுக்கு இல்ல.

கன்னியப்பன்: நீ உள்ள போயி வேலயப் பாரு அஞ்சல.

அஞ்சலாட்சி: என்னா வேல? பை கட்டியாச்சி. லுங்கி, துண்டு, சொம்பு, ஸ்கேன் எடுத்த கவரு, எல்லாம் வச்சாச்சி. நாளைக்கிக் காலையில ஆஸ்பத்திரியில படுக்கப் போற ஆளு இன்னைக்கி ஒக்காந்து பண்ற வேலயா இது?

கன்னியப்பன்: நாளைக்கிப் படுக்கறதாலதான் இன்னைக்கிப் பண்றேன். நெஞ்சப் பொளந்து போட்டதுக்கு அப்புறம் எழுந்து வந்து சரி பாக்க முடியுமா?

ராஜ்கமல்: முடியாது மாமா. அப்பவும் இந்தப் பிரிண்டர் இப்பிடியேதான் இருக்கும்.

அஞ்சலாட்சி: ஊருல அவனவன் ஆப்பரேஷனுக்கு முன்னாடி கோயிலுக்குப் போறான். இந்தாளு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிறாரு. அதுவும் தனக்கே.

கன்னியப்பன்: போஸ்டர் இல்ல, மாதிரி. ஒரே ஒரு பேப்பரு.

ராஜ்கமல்: செத்தவரே பாத்து ஓகே பண்ண மொத போஸ்டர் பாண்டிச்சேரியிலயே இதுதான் அத்த. பெருமப்படு.

அஞ்சலாட்சி: உன் வாயில...

கன்னியப்பன்: அவன ஏன் திட்டுற? வேம்பு அண்ணன் செத்தப்ப நீயும் பாத்தல்ல? பெரிய பையன் ஒரு போஸ்டர், சின்னப் பையன் ஒரு போஸ்டர், ஒரே கம்பத்துல. மேல ஒட்டுனதுல செவ்வாக்கெழம செத்தாரு. கீழ ஒட்டுனதுல புதங்கெழம.

ராஜ்கமல்: ரெண்டாவது தடவ கொஞ்சம் நல்லா செத்தாரு மாமா. அது கலர்.

கன்னியப்பன்: டீக்கடையில நின்னவன்லாம் சிரிச்சான்டா. நானும் சிரிச்சேன். வூட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. எனக்கும் ரெண்டு பசங்க. அதான். ஒரே போஸ்டரு. எழிலரசன், மதிவாணன், ரெண்டு பேரும் ஒரே வரியில, ஒரே சைஸுல. ஆறு மணிக்கி வர்றானுங்க. பிள்ளச்சாவடியிலேர்ந்து ஒருத்தன், தேங்காத்திட்டுலேர்ந்து ஒருத்தன். பேப்பரக் கையில குடுத்து, ரெண்டு பேரும் சரின்னு சொல்லுங்கடா, நான் நிம்மதியா உள்ள போறேன்னு...

அஞ்சலாட்சி: வர்றேன்னு சொன்னானுங்களா?

கன்னியப்பன்: ...சொன்னானுங்க.

அஞ்சலாட்சி: ரெண்டு பேருமா?

கன்னியப்பன்: ரெண்டு பேருந்தான். ஏன் தோண்டித் தோண்டிக் கேக்கற?

அஞ்சலாட்சி: ம்.

ராஜ்கமல்: காதுகுத்துக்கு அப்புறம் ஒரே எடத்துல நிக்கப் போறாங்களா ரெண்டு பேரும்? நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்.

கன்னியப்பன்: அந்தக் காதுகுத்துப் பேச்ச எடுக்காத.

ராஜ்கமல்: எனக்கு அதுல ஒரு டவுட்டு மாமா. எழில் மச்சான், பத்திரிகையில மதி மச்சான் பேர தன் பொண்டாட்டியோட அண்ணனுக்குக் கீழ போட்டாரு. அதுக்கா இவ்ளோ?

அஞ்சலாட்சி: கீழ போட்டது கூடப் பரவால்லடா. பொடி எழுத்துல போட்டுட்டான்.

ராஜ்கமல்: பிரஸ்ல எடம் பத்தல அத்த. குலதெய்வத்துக்கு ரெண்டு வரி போயிடுச்சி.

அஞ்சலாட்சி: அதத்தான் எழிலும் சொன்னான். சொந்தத் தம்பிக்கு எடம் பத்தல, மச்சானுக்குப் பத்துச்சான்னு மதி கேட்டான். அதோட முடிஞ்சிது. இப்ப பேத்தி காதுல தோடு பெருசாயிடுச்சி, இவனுங்களுக்கு ஆறல.

கன்னியப்பன்: அதுக்குத்தான்டா ஒரே சைஸு.

ராஜ்கமல்: ஸ்கேல் வச்சி அளந்துட்டேன் மாமா. எழிலரசன்ல எழுத்து கொஞ்சம் எடத்த அடைக்கிது. மதிவாணன இழுத்து விட்டுருக்கேன். அத்த, நான் லேப்டாப்பப் பாக்குறேன், நீ மோடத்த ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.

அஞ்சலாட்சி: பண்ணிட்டேன்.

ராஜ்கமல்: கொஞ்சம் கேப் வுட்டுப் பண்ணணும் அத்த.

அஞ்சலாட்சி: எவ்ளோ கேப்பு?

ராஜ்கமல்: மாமாவ ஒரு தடவ திட்டற அளவுக்கு.

அஞ்சலாட்சி: ...திட்டிட்டேன்.

கன்னியப்பன்: நான் ஒண்ணும் கேக்கலியே?

அஞ்சலாட்சி: மனசுக்குள்ள.

ராஜ்கமல்: ம்ஹூம். லேப்டாப்புல பிரிண்டரயே காணல. ஒயர் இருக்கா மாமா? ஒயரப் போட்டா ஒரு நிமிஷம்.

கன்னியப்பன்: ஒயரே வேணாம்னுதான்டா இத வாங்குனது. கூட வந்தது டப்பாவோட காயலாங்கடைக்குப் போயிடுச்சி.

ராஜ்கமல்: அப்ப பென்டிரைவ்ல போட்டு ஜெராக்ஸ் கடைக்கி...

கன்னியப்பன்: அறிவிருக்கா? அவன் கையில என் போட்டோ போட்ட கண்ணீர் அஞ்சலி போனா, நான் வூட்டுக்குத் திரும்பி வர்றதுக்குள்ள வாசல்ல மால வந்துடும்.

ராஜ்கமல்: பந்தக்காரனும் வந்துடுவான். சேருக்கு அட்வான்ஸ் கேப்பான்.

கன்னியப்பன்: வேணாம் வுடு. ஆவலன்னா ஆவல. நான் பசங்ககிட்ட இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு சொல்லிக்கறேன்.

ராஜ்கமல்: இன்னொரு நாளுக்கு நீ இருக்கணுமே மாமா. தள்ளு, நானே பாக்குறேன்.

கன்னியப்பன்: உனக்குப் படிக்கிற வேல இருக்கும்டா...

ராஜ்கமல்: எனக்கா? ...மாமா.

கன்னியப்பன்: என்னா?

ராஜ்கமல்: லைட்டே எரியலியே. எரியுது, மினுக்குதுன்னு எதப் பாத்துட்டு சொல்லிக்கிட்டு இருந்த?

கன்னியப்பன்: கண்ணாடி போடல.

ராஜ்கமல்: போட்டிருக்கியே!

கன்னியப்பன்: ...அது கிட்டத்துப் பார்வைக்கி.

ராஜ்கமல்: இரு. செட்டிங்ஸ்... நெட்வொர்க்... வயர்லெஸ். மாமா, இது கெட்டுப் போவல. ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. யாரோ உள்ள போயி, ஆஃப்ன்னு அமுத்தி, நிச்சயமான்னு கேக்கும், ஆமான்னு திரும்பவும் அமுத்தியிருக்காங்க. தெரியாம கை பட்டதில்ல. யோசிச்சிப் பண்ண வேல.

கன்னியப்பன்: காலையில கரண்டு போயி வந்துச்சி, அதுல...

ராஜ்கமல்: கரண்டுக்கு மெனு படிக்கத் தெரியாது மாமா.

அஞ்சலாட்சி: நாந்தான்.

கன்னியப்பன்: நீயா?

அஞ்சலாட்சி: நாந்தான். அந்தக் கருமத்த அடிக்கக் கூடாதுன்னு தோணுச்சி, அமுத்துனேன்.

ராஜ்கமல்: அத்த, போன்ல சத்தத்தக் கொறைக்கறதுக்கே நீ தலகாணிக்கு அடியிலதான வப்ப?

அஞ்சலாட்சி: கத்துக்கிட்டேன். ஏன், நான் கத்துக்கக் கூடாதா? ஆன் பண்றதுன்னா பண்ணு, கேள்வி கேக்காத.

கன்னியப்பன்: ...வுடுடா. அவதான் சொல்றா இல்ல.

ராஜ்கமல்: நல்ல குடும்பம். சரி, ஆன் பண்ணிட்டேன். பாஸ்வேர்டு கேக்குது.

அஞ்சலாட்சி: பசங்க பேருதான். ரெண்டையும் சேத்து அடி. நடுவுல கேப்பு கெடயாது.

ராஜ்கமல்: எழில், மதி... ஒட்டியா?

அஞ்சலாட்சி: ஒட்டித்தான். இந்த வூட்டுல அது ஒண்ணுதான் அப்பிடி இருக்கு.

ராஜ்கமல்: ...கனெக்ட் ஆயிடுச்சி.

கன்னியப்பன்: ஆயிடுச்சா?

ராஜ்கமல்: ஏன் மாமா, மூஞ்சி தொங்கிப் போச்சி? சந்தோசப்படு.

கன்னியப்பன்: பட்டுட்டேன். அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ காட்டு.

ராஜ்கமல்: இந்தா. கருப்பு பார்டர், தீபம், பூ. தீபம் அசையற மாதிரியும் வைக்கலாம், பேப்பர்ல அசையாது.

கன்னியப்பன்: போட்டோ எங்க எடுத்தது? நல்லா இருக்கே.

ராஜ்கமல்: மதி மச்சான் கல்யாணத்துல. சிரிச்சிக்கிட்டு இருந்த ஒரே போட்டோ அதுதான். பக்கத்துல எழில் மச்சான் நின்னாரு, அவர வெட்டிட்டேன்.

கன்னியப்பன்: தோளு மேல ஒரு கை இருக்குதே.

ராஜ்கமல்: அவரு கைதான். வெட்டுனா உன் சட்டையும் சேந்து போவுது. வேணும்னா பூவ எடுத்து மேல வச்சி மறைச்சிடறேன்.

கன்னியப்பன்: வேணாம். இருக்கட்டும்... டேய், இது என்னாடா? மறைவுன்னு போட்டு இன்னைக்கித் தேதி போட்டிருக்க!

அஞ்சலாட்சி: அடப்பாவி!

ராஜ்கமல்: மாதிரிக்குப் போட்டேன் மாமா. காலியா வுட்டா வரி கோணிக்கிது.

அஞ்சலாட்சி: வரி கோணுதுன்னு மனுஷன சாவடிப்பியா?

ராஜ்கமல்: மாத்திக்கலாம் அத்த, கம்ப்யூட்டர்தான. இன்னைக்கித் தேதி வேணாம்னா எந்தத் தேதி போடட்டும், நீயே சொல்லு.

கன்னியப்பன்: வுடு. அடி. மாதிரிதான.

ராஜ்கமல்: லிஸ்டுலயும் பேரு வந்துடுச்சி. அமுத்தறேன்... போயிடுச்சி.

கன்னியப்பன்: ஒண்ணும் வரலியே.

ராஜ்கமல்: வரும். மொத தடவ கொஞ்சம் யோசிக்கும்.

அஞ்சலாட்சி: யோசிக்கட்டும். ஒரு ஆளாவது யோசிக்கட்டும்.

ராஜ்கமல்: இன்னொரு தடவ அமுத்தறேன்... மாமா, ஒரு விஷயம். அடிச்சி முடிச்சாச்சின்னு காட்டுது.

கன்னியப்பன்: எங்க அடிச்சி முடிச்சிது? பேப்பர் வச்சது வச்ச மாதிரி இருக்கு.

ராஜ்கமல்: ரெண்டு காப்பி அடிச்சாச்சாம். மாமா... பக்கத்து வூட்டு சந்திரகலா டீச்சர்கிட்ட பிரிண்டர் இருக்கா?

கன்னியப்பன்: இருக்கே. கொஸ்டின் பேப்பர் அடிக்க வாங்குனாங்க. ஒரே கடையில, ஒரே நாள்ல, ஒண்ணாத்தான் வாங்குனோம்.

ராஜ்கமல்: இதே மாடலா?

கன்னியப்பன்: இதே கலரு கூட.

ராஜ்கமல்: அவங்க வைஃபை?

அஞ்சலாட்சி: அவங்களுக்கு எதுக்குத் தனியா? ஒரு செவுருதான நடுவுல. நம்ம பாஸ்வேர்டக் குடுத்துட்டோம். அவங்க மீன்கொழம்பு குடுப்பாங்க.

ராஜ்கமல்: லிஸ்டுல ஒரே பேருல ரெண்டு இருந்துச்சி மாமா. அவங்களுது இப்பத்தான் ஆன் ஆயிருக்கும்.

கன்னியப்பன்: நீ எத அமுத்துன?

ராஜ்கமல்: மேல இருந்தத.

அஞ்சலாட்சி: சும்மா இருங்க ரெண்டு பேரும்... யாரு அழுவுறது?

கன்னியப்பன்: டீச்சரு.

ராஜ்கமல்: நான் ஓடிப் போயி சொல்லிட்டு வந்துடறேன்.

கன்னியப்பன்: என்னான்னுடா சொல்லுவ?

ராஜ்கமல்: அவரு இன்னும் போவல டீச்சர், பேப்பரக் குடுங்கன்னு.

அஞ்சலாட்சி: ஓடு!... இது என்னா கூத்துய்யா? சிரிக்கிறியா நீ?

கன்னியப்பன்: இல்ல. கேக்கறேன். நல்லாத்தான் அழுவறாங்க. நானும் அவங்களும் சேந்தாப்ல பத்து வார்த்த பேசியிருப்பமா? எனக்கு அழறதுக்கு ஒரு ஆளு இருக்கு பாரு.

அஞ்சலாட்சி: ஏன், நான் இல்லியா?

கன்னியப்பன்: நீ அழ மாட்ட. திட்டுவ.

அஞ்சலாட்சி: திட்டத்தான் செய்வேன். மில்லு மூடுனப்பவும் திட்டுனேன், எழுந்து வேற வேலைக்கிப் போனியா இல்லியா? நாளைக்கும் அந்த ஆப்பரேஷன் ரூமு கதவுக்கு வெளியிலேயே ஒக்காந்து திட்டுவேன். காதுல வுழுந்தா எழுந்து வா.

கன்னியப்பன்: பயமா இருக்கு அஞ்சல.

அஞ்சலாட்சி: தெரியும்.

கன்னியப்பன்: பொளக்கறதுக்கு இல்ல. நான் அங்க படுத்துக் கெடக்கறப்ப வெளிய நீ மட்டும் ஒண்டியா... பசங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம, ஒருத்தன் இந்தப் படிக்கட்டு, ஒருத்தன் அந்தப் படிக்கட்டு...

அஞ்சலாட்சி: சாயங்காலம் வர்றானுங்க இல்ல? வந்தா பேசிக்கலாம்.

கன்னியப்பன்: வருவானுங்க. பேப்பர் ரெடியானா வரச் சொல்லியிருக்கேன். ஆவலன்னா, நானே வேணாம்னு சொல்லிடுவேன்.

அஞ்சலாட்சி: ம். அப்ப நீ வேணாம்னு சொன்னதாலதான் வரலன்னு ஆயிடும்.

கன்னியப்பன்: என்னா சொன்ன?

அஞ்சலாட்சி: ஒண்ணுமில்ல. இந்தா வந்துட்டான் பாரு. என்னாடா, குடுத்தாங்களா?

ராஜ்கமல்: ரெண்டு காப்பியும் வாங்கிட்டேன். பிரிண்டு நல்லா வந்திருக்கு மாமா. டீச்சர் கண்ணீரு பட்டு எழிலரசன் மட்டும் லேசாக் கலங்கிடுச்சி.

கன்னியப்பன்: நான் இருக்கேன்னு சொன்னியா?

ராஜ்கமல்: சொன்னேன். சொன்னதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் அழுதாங்க, ஆரம்பிச்சத சட்டுனு நிறுத்த முடியல. அது இல்ல பிரச்சன.

அஞ்சலாட்சி: இன்னும் என்னாடா?

ராஜ்கமல்: நான் போறதுக்குள்ள எழில் மச்சானுக்கும் மதி மச்சானுக்கும் போன் பண்ணிட்டாங்க.

கன்னியப்பன்: பண்ணி?

ராஜ்கமல்: பேப்பர்ல இருந்ததப் படிச்சிட்டாங்க. தேதியோட.

அஞ்சலாட்சி: ஐயோ... என் போனு அடிக்கிது.

ராஜ்கமல்: எழில் மச்சான்.

கன்னியப்பன்: குடு, நான் பேசறேன்.

ராஜ்கமல்: நீ பேசாத மாமா! வண்டி ஓட்டிக்கிட்டே எடுத்திருந்தா உன் கொரலக் கேட்டு வுழுந்துடுவாரு.

அஞ்சலாட்சி: நகருங்க. ...எழிலு. ம். நாந்தான்ப்பா... ஆமா, வூட்டுலதான் இருக்காரு... இல்ல, அவன் இங்க இல்ல... தெரியல, நான் கேக்கல... ம்... ம்... சரிப்பா. சொல்றேன்.

கன்னியப்பன்: என்னா சொன்னான்?

அஞ்சலாட்சி: இரு, அடுத்தது அடிக்கிது. ...சொல்லு மதி... ம்... ஆமாப்பா... அவன் இப்பதான் வச்சான்... தெரியலடா... சரி. சரி, வைய்யி.

கன்னியப்பன்: என்னா சொன்னானுங்க?

அஞ்சலாட்சி: அழுவறானுங்க.

கன்னியப்பன்: எழிலா?

அஞ்சலாட்சி: பேச்சே வரல அவனுக்கு.

ராஜ்கமல்: அத்த, இங்க எனக்குக் கேட்டுச்சே, நல்லாத்தான பேசு...

அஞ்சலாட்சி: நீ மோடத்துக்கிட்ட போயி லைட்ட எண்ணு போ.

கன்னியப்பன்: நான் உயிரோட இருக்கேன்னு சொன்னியா?

அஞ்சலாட்சி: சொன்னேன். அப்புறந்தான் மூச்சே வந்துச்சி ரெண்டு பேருக்கும்.

கன்னியப்பன்: வர்றானுங்களா?

அஞ்சலாட்சி: ஆறு மணிக்கி வர்றானுங்க. நீ போயி மூஞ்சி கழுவு.

கன்னியப்பன்: ...அஞ்சல.

அஞ்சலாட்சி: என்னா?

கன்னியப்பன்: அவனுங்க வரமாட்டானுங்க. காலையிலயே கேட்டுட்டேன். அவன் வந்தா நான் வரமாட்டேன்னான் பெரியவன். சின்னவனும் அதேதான் சொன்னான், ஒரு வார்த்த மாறாம. அந்த ஒண்ணுலதான் ஒத்துமையா இருக்கானுங்க. பிரிண்டர அமுத்துனது நீ இல்ல, நான். பேப்பர் ரெடியாவல, அதான் பசங்க வரலன்னு உங்கிட்ட சொல்லிக்கலாம்னு. நீ எதுக்குப் பழிய உன் தலையில போட்டுக்கிட்ட?

ராஜ்கமல்: அப்ப என்ன எதுக்கு மாமா வரச் சொன்ன?

கன்னியப்பன்: உன்ன நேத்தே வரச் சொல்லியாச்சிடா. இன்னைக்கி வேணாம்னா ஏன்னு கேப்பா இவ. அதுவும் இல்லாம, உன்னால ரிப்பேர் பண்ண முடியாதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.

ராஜ்கமல்: ஊரே நம்புது மாமா. இன்னைக்கின்னு பாத்து ஏமாத்திட்டேன்.

அஞ்சலாட்சி: நீ காலையில குனிஞ்சி நின்னு அத அமுத்துனத நான் கதவாண்ட நின்னு பாத்தேன்யா. ஏன்னும் தெரியும். உனக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன் அவனுங்கள. அதே பதிலுதான்.

கன்னியப்பன்: அப்ப இப்ப... இப்ப அழுதானுங்கன்னியே? நான் இருக்கேன்னு கேட்டதும் மூச்சு வந்துச்சின்னியே? அதுவாச்சும் நெசமா?

அஞ்சலாட்சி: ஒருத்தனும் அழலய்யா. அவன் வந்துட்டானான்னு இவன் கேட்டான், இவன் வந்துட்டானான்னு அவன் கேட்டான். அவன் இருந்தா வூட்டுக்கு வரல, நேரா சுடுகாட்டுக்கு வந்துடறேன், எப்ப எடுக்கறீங்கன்னு மட்டும் சொல்லுன்னு ரெண்டு பேரும் வச்சிட்டானுங்க... நீ இருக்கறத நான் இன்னும் சொல்லல.